சுண்ணாம்பு தடவாத கலயம்



இந்த அறக்கட்டளைப் பேச்சுக்கு அழைத்தபோது, தலைப்பை நீங்களே சொல்லுங்கள் என்றார்கள். போதைப்பொருள் சட்டங்களும் தனிமனித உரிமையும் என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அந்தத் தயக்கம் எனக்குப் புரிந்தது. இராஜபாளையத்தில் கஞ்சாவுக்குப் பரிந்து பேசுகிறவன் என்ற பெயர் யாருக்கு வேண்டும்? எனக்கும் வேண்டாம். பள்ளிக்கூட வாசலில் பொட்டலம் விற்கிறவன் மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் எனக்கும் உண்டு. அவனைப் பிடிப்பதற்கென்று சொல்லி நாம் எல்லோரும் சேர்ந்து அரசாங்கத்தின் கையில் கொடுத்து வைத்திருக்கும் அதிகாரம், அவனோடு நிற்காமல் எங்கெல்லாம் போகிறது என்பதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

ஒரு பழைய காட்சியிலிருந்து தொடங்குகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நான் வக்கீலாகச் சேர்ந்த புதிதில், பனையேறிப் பிழைத்த பெரியவர்கள் சிலர் கட்சிக்காரர்களாக வருவார்கள். பதநீர் இறக்குகிறவர் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவித்தான் பாளையில் கட்டுவார். சுண்ணாம்பு சரியாக இருந்தால் இறங்குவது பதநீர். குறைந்துவிட்டால் வெயில் ஏற ஏறப் புளித்துக் கள்ளாகிவிடும். மரம் அதே மரம், பாளை அதே பாளை. நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு. அந்த ஒரு விரல் சுண்ணாம்புதான் ஒரு மனிதர் தொழிலாளியா, குற்றவாளியா என்று முடிவு செய்தது. விடியற்காலையில் மரத்தடியில் போலீஸ்காரர் நின்றால், இறங்குகிறவர் கலயத்தைத்தான் முதலில் நீட்ட வேண்டும். வந்தவர் மோந்து பார்த்து, புளிப்பு அடிக்கிறது என்றால் அன்றைய பிழைப்பு அதோடு முடிந்தது. அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னதை நாற்பது வருஷமாக மறக்க முடியவில்லை. "வக்கீலய்யா, களவாணியப் புடிச்சா களவாண்டியான்னு கேப்பாக. எங்கள மட்டும், நீ களவாங்கலன்னு காட்டுடாம்பாக. இல்லாத ஒண்ண எப்புடிய்யா காட்டுறது?"

எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர் சொன்னது ஒரு சட்டப் பிரிவின் சாரம். 1937-ஆம் ஆண்டு மதராஸ் மதுவிலக்குச் சட்டத்தின் 4-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒருவரிடம் மதுவோ, போதைப்பொருளோ, அதைத் தயாரிக்கும் பாத்திரமோ இருந்து, அது தன்னிடம் வந்த விதத்தை அவர் திருப்தியாக விளக்க முடியாமல் போனால், அவர் குற்றம் செய்தார் என்றே அனுமானிக்க வேண்டும். மறுப்பதானால் அவர்தான் நிரூபிக்க வேண்டும். குற்றம் சாட்டுகிறவன் நிரூபிக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க நீதிமன்றங்கள் நிற்கும் அஸ்திவாரம். அதில் ஒரு கல்லை நம் மாகாணத்தில் மதுவிலக்குக்காக உருவினார்கள். உருவியவர்கள் கெட்டவர்கள் அல்லர். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி தம் சொந்த மாவட்டமான சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோது, கூலி வாங்கிய கையோடு சாராயக் கடைக்குப் போகிறவனின் வீட்டில் அன்று அடுப்பு எரிய வேண்டும் என்றுதான் நினைத்தார். ஓமந்தூரார் 1948 அக்டோபர் 2-இல் மாகாணம் முழுவதற்கும் அதை விரித்தபோதும் மனசில் இருந்தது அதே ஏழை வீடுதான். அந்தச் சட்டத்தின் கைக்குள் சாராயம் மட்டுமா வந்தது? கஞ்சாவும் அப்போதே வந்துவிட்டது.

1971-இல் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள். பிறகு மூடினார்கள், திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். 2003 நவம்பரிலிருந்து அரசாங்கமே டாஸ்மாக் கடைகளில் சில்லறையில் விற்கிறது. இவ்வளவு நடந்தும் அந்த அனுமானப் பிரிவு போகவில்லை. கள் இன்னமும் தடையில் இருக்கிறது; பனையேறி இன்னமும் கலயத்தை நீட்டிக் காட்ட வேண்டியவராகத்தான் இருக்கிறார். தடை தளர்ந்தாலும் தடைக்காகக் கொடுத்த அதிகாரம் திரும்பி வருவதில்லை. அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. அங்கே 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. கரோல் என்பவரின் காரை நிறுத்தி, வாரண்ட் இல்லாமல் இருக்கையைக் கிழித்து, உள்ளே ஒளித்திருந்த சாராய பாட்டில்களை எடுத்தார்கள். 1925-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அது சரிதான் என்றது. எட்டு வருஷத்தில் மதுவிலக்கு ஒழிந்தது. வாரண்ட் இல்லாமல் காரைச் சோதிக்கலாம் என்ற தீர்ப்பு நூறு ஆண்டு தாண்டி இன்றும் உயிரோடு இருக்கிறது.

அடுத்து நான் சொல்லப்போவதை இந்த ஊரில் நின்று சொல்ல எனக்குச் சங்கடமாக இருக்கிறது. நம் பி.எஸ். குமாரசாமி ராஜாவைப் பற்றியது. 1949 ஏப்ரல் முதல் 1952 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர். தாம் குடியிருந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். முதலமைச்சராக இருந்துகொண்டே தேர்தலில் தோற்று, மறுபேச்சில்லாமல் விலகியவர். இப்படிப்பட்ட மனிதர் தலைமையில் இருந்த அரசாங்கத்தின் பெயரில்தான் 'ஏ.கே. கோபாலன் எதிர் மதராஸ் மாகாணம்' என்ற வழக்கு இருக்கிறது. சட்டக் கல்லூரியில் முதல் வருஷமே படிக்கிற வழக்கு. கம்யூனிஸ்ட் தலைவர் கோபாலன் 1947 டிசம்பரிலிருந்து சிறையில் இருந்தார். 1950 பிப்ரவரியில் தடுப்புக் காவல் சட்டம் வந்ததும், மார்ச் 1-ஆம் தேதி உள்ளே இருக்கிறவர் மீதே புதிய காவல் உத்தரவு போட்டார்கள். எம்.கே. நம்பியார் வாதாடினார். மே 19-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. பசல் அலியும் மகாஜனும் மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார்கள். காவலுக்கான காரணத்தை நீதிமன்றத்துக்குக்கூடச் சொல்லக் கூடாது என்றிருந்த 14-ஆம் பிரிவை மட்டும் நீதிபதிகள் வெட்டினார்கள்.

குமாரசாமி ராஜாவைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. வீட்டைத் தானம் கொடுத்த கைதான் என்றாலும், அந்தக் கையில் அந்தச் சட்டம் இருந்தபோது அது சட்டம் சொன்னபடிதான் நடந்தது. நல்லவர் ஆண்டால் சரியாகிவிடும் என்று இப்படிப்பட்ட சட்டங்களை ஒப்புக்கொள்கிறவர்கள், இந்த ஊர் வரலாற்றை ஒருமுறை படித்துவிட்டு ஒப்புக்கொள்ளட்டும்.

இனி 1985. கஞ்சா இந்த நாட்டுக்குப் புதிய பொருள் அல்ல. சித்த மருத்துவ நூல்களில் இருக்கிறது. 1893-இல் ஆங்கில அரசாங்கமே ஒரு கமிஷன் வைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. அந்தக் கமிஷன், அளவோடு பயன்படுத்துகிறவர்களுக்குப் பெரிய தீங்கில்லை, முழுத் தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்தினால் போதும் என்று எழுதியது. இதே மாகாணத்தின் ஜவ்வாது மலையில் கஞ்சா பயிரான கதையும் அந்த அறிக்கையில் இருக்கிறது. பிறகு 1961-இல் உலக நாடுகளின் போதைப்பொருள் ஒப்பந்தம் வந்தது. அதில் கிடைத்த 25 வருஷத் தவணை முடியும் தறுவாயில், 1985-இல் நாடாளுமன்றம் சில நாட்களுக்குள் என்.டி.பி.எஸ். என்னும் போதைப்பொருள் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. நவம்பர் 14-இல் அது அமலுக்கு வந்தது.

அந்தச் சட்டத்தின் 54-ஆம் பிரிவைப் படித்தபோது எனக்கு அந்தப் பனையேறியின் குரல் கேட்டது. 1937-இன் அனுமானம், ஏறக்குறைய அதே வார்த்தைகளில், நாடு முழுவதற்கும் வந்துவிட்டது. 35-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. குற்ற மனம் இருந்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று குற்றம் சாட்டப்பட்டவர்தான் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்ட வேண்டும். சந்தேகத்துக்கு இடமில்லாமல் என்பது வழக்கமாக அரசுத் தரப்பின் தோளில் இருக்கும் சுமை. அதை அப்படியே தூக்கி மாட்டியிருப்பது பெரும்பாலும் ஒரு கூலித் தொழிலாளியின் தோளில். 2008-இல் நூர் ஆகா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவுகளை ரத்து செய்யவில்லை. அடிப்படை உண்மைகளை முதலில் அரசுத் தரப்பு நிரூபித்தால்தான் அனுமானம் எழும் என்று ஒரு தடுப்பு மட்டும் போட்டது. அந்தத் தடுப்பைக் கீழ்க் கோர்ட்டில் நினைவுபடுத்த ஒரு வக்கீல் வேண்டும். வக்கீலுக்குக் காசு வேண்டும்.

1989-இல் 37-ஆம் பிரிவு கடுமையானது. இன்று வணிக அளவு வழக்குகளில், இவர் குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது என்று நீதிபதி கருதினால்தான் ஜாமீன். விசாரணை தொடங்கும் முன்பே தீர்ப்பைச் சொல்லச் சொல்கிறது சட்டம். 2023 மார்ச்சில் டெல்லி வழக்கு ஒன்றில், ஏழு ஆண்டுக்கும் மேல் விசாரணைக் கைதியாகவே இருந்தவருக்கு உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. விசாரணை அப்போதும் முடிந்திருக்கவில்லை.

அளவு என்று சொன்னேன். 2001 அறிவிக்கையின்படி கஞ்சாவில் 1 கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. சட்டத்தின் வரையறையில் கஞ்சா என்பது பூவும் காயும் உள்ள நுனிப்பகுதி. நுனி இல்லாமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் அதில் சேராது. ஆனால் ஸ்டேஷன் தராசில் இலை, தண்டு, விதை எல்லாம் ஒரே மூட்டையாகத்தான் ஏறுகிறது. அந்தத் தராசு முள்ளின் அசைவில் ஓர் ஆளின் பத்து வருஷம் இருக்கிறது. குறுக்கு விசாரணையில் இந்த ஒரு கேள்வியை ஒழுங்காகக் கேளுங்கள் என்று இளம் வக்கீல்களுக்கு இந்த மேடையிலிருந்தே சொல்லிக்கொள்கிறேன்.

வாக்குமூலக் கதை இதைவிட நீளம். போலீஸாரிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்பது நமக்கெல்லாம் தெரிந்த பாதுகாப்பு. அடித்து வாங்கிவிடுவார்கள் என்று ஆங்கிலேயனுக்கே தெரிந்திருந்தது. ஆனால் நார்காட்டிக்ஸ் கண்ட்ரோல் பீரோ அதிகாரிகள் போலீஸ் அல்லர் என்ற வாதம் 1990-லிருந்து செல்லுபடியாகி வந்தது. அதனால் அவர்கள் 67-ஆம் பிரிவில் எழுதி வாங்கியதை வைத்தே தண்டனை கொடுக்க முடிந்தது. இதற்கு முடிவு கட்டிய வழக்கு நம் மாநிலத்திலிருந்து போனது: தோஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு. சென்னையில் 2004-இல் பதிவான ஹெராயின் வழக்கு. 2020 அக்டோபர் 29-ஆம் தேதி மூன்று நீதிபதிகளில் இருவர், அந்த அதிகாரிகளும் போலீஸ்தான், அவர்களிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்றார்கள். நடுவில் கழிந்தது முப்பது வருஷம்.

சட்டத்தைப் பற்றிச் சொன்னது போதும். ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரிய வேண்டாம் என்று சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன்.

சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணித் தறியில் வேலை பார்க்கிறவர். பையனுக்கு 21 வயசு, மில்லில் நைட் ஷிப்ட். கொஞ்சம் பொட்டலங்களோடு பிடித்தார்கள் என்பது வழக்கு. தப்பே செய்யாதவன் என்று நான் சொல்லமாட்டேன். அதைச் சொல்ல வேண்டியது கோர்ட். ரிமாண்ட் ஆகி மூன்று வாரத்தில் ஜாமீன் உத்தரவு கிடைத்தது. ஜாமீன்தாரர்களைக் கூட்டிக்கொண்டு அந்த அம்மா வந்த அன்றைக்கு, "அய்யா, உள்ள வச்சே குண்டாஸ் குடுத்துட்டாங்களாம்" என்று போன் வந்தது. அடுத்த வாரம் ஒரு துணிப்பையில், காவலுக்கான காரணங்கள் அடங்கிய புக்லெட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். முந்நூறு பக்கத்துக்கும் மேல். அதில் அரசுக் கடிதத்தின் தலைப்பில் கோபுர முத்திரை இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் எங்கள் ஆண்டாள் கோயில் கோபுரம் என்று பெருமையாகச் சொல்லும் முத்திரை. அதற்குக் கீழே, வாய்மையே வெல்லும். அந்த அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அந்தப் படத்தின் மேல் விரலை வைத்து, "இது நம்ம கோயில்தானய்யா?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தக் குண்டர் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில் மாட்டாத குடும்பத்துக்கு இது தெரிவதே இல்லை. இது 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் எண் தமிழ்நாடு சட்டம். மாவட்டத்தில் கலெக்டர், மாநகரத்தில் கமிஷனர் கையெழுத்துப் போட்டால் போதும். 5 நாளுக்குள் காரணங்களைக் கொடுக்க வேண்டும். 12 நாளுக்குள் அரசாங்கம் ஒப்புதல் தர வேண்டும். 3 வாரத்துக்குள் அறிவுரைக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். குழுமம் 7 வாரத்துக்குள் கருத்துச் சொல்லும். அதன்பின் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். குற்றச்சாட்டு இல்லை, சாட்சி இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. மூன்று பேர் கொண்ட அந்தக் குழுமத்தின் முன் வக்கீல் நிற்கும் உரிமையும் இல்லை. வக்கீலாக இல்லாத ஒரு நண்பரின் உதவியைக் கேட்கலாம் என்று 1981-இல் ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தறி ஓட்டுகிற தாய்க்கு அப்படி ஒரு நண்பர் எங்கே கிடைப்பார்?

மிச்சம் இருந்த வழி மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு. இங்கிருந்து மதுரை ஏறத்தாழ 85 கிலோமீட்டர். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். பையனைப் பார்க்க மத்தியச் சிறைக்கு ஒரு நாள், வழக்குக்கு ஒத்தக்கடைப் பக்கம் ஒரு நாள். ஏழாவது மாதம் உத்தரவு ரத்தானது. காரணம், புக்லெட்டில் இரண்டு பக்கம் படிக்க முடியாத நகல். அந்த இரண்டு பக்கமும் முதல் நாளிலிருந்தே படிக்க முடியாமல்தான் இருந்தன. ஏழு மாதத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நஷ்ட ஈடு என்ற பேச்சே இந்தச் சட்டத்தில் இல்லை. மில்லில் இடம் போயிற்று. தங்கைக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம் நின்றது. பையன் இப்போது திருப்பூரில் இருக்கிறான். அந்த மூல வழக்கு இன்னும் வாய்தாவில் இருக்கிறது. அவன் குற்றவாளியா இல்லையா என்று இன்றுவரை எந்த நீதிபதியும் சொல்லவில்லை. தண்டனையை மட்டும் அனுபவித்து முடித்துவிட்டான்.

இது ஒரு வீட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021, 2022 சிறைப் புள்ளிவிவரங்களை எடுத்துப் பாருங்கள். நாடு முழுவதும் தடுப்புக் காவலில் இருப்பவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் தமிழ்நாட்டுச் சிறைகளில் இருந்தார்கள். சமூக நீதியில் முன்னோடி என்று மார்தட்டும் மாநிலம் இது. 2011-இல் ரேகா எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே எழுதியது: சாதாரணச் சட்டம் போதுமான இடத்தில் தடுப்புக் காவல் சட்டவிரோதம். அதற்குப் பிறகும் எண்ணிக்கை இப்படித்தான் இருக்கிறது.

காவல்துறை நண்பர்கள் சிலர் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தையும் நான் அறிவேன். சாட்சி வரமாட்டான், ஆய்வக அறிக்கை தாமதமாகும், வழக்கு ஐந்து வருஷம் இழுக்கும், தெருவில் பெண்கள் எங்களைத்தான் திட்டுவார்கள், எங்கள் கையில் இருப்பது இது ஒன்றுதான் என்று ஒரு இன்ஸ்பெக்டர் என்னிடம் மனம்விட்டுச் சொன்னார். அவர் சொன்னது உண்மை. கோர்ட்டு ஓடவில்லை என்றால் கோர்ட்டை ஓட வைக்கத்தான் பணம் செலவழிக்க வேண்டும். கோர்ட்டைச் சுற்றிக்கொண்டு போகப் பாதை போட்டால், கொஞ்ச நாளில் எல்லா வண்டியும் அந்தப் பாதையில்தான் போகும்.

அப்படித்தான் போயிற்று. 1982-இல் குண்டர் சட்டத்தின் பெயரில் முதலில் இருந்தவர்கள் கள்ளச்சாராயக்காரர்கள். அடுத்தது போதைப்பொருள் குற்றவாளிகள். பிறகுதான் குண்டர்கள், மற்றவர்கள். இவர்களுக்காக யார் கண்ணீர் விடுவார்கள்? யாரும் விடவில்லை. பின்னால் வனக் குற்றவாளிகளைச் சேர்த்தார்கள். 2004-இல் திருட்டு வீடியோ. அப்புறம் மணல். 2014-இல் இணையக் குற்றமும் பாலியல் குற்றமும் சேர்ந்தன. முதல் வழக்கிலேயே உள்ளே தள்ளலாம் என்றும் ஆயிற்று. 2017 மே மாதம், ஈழத்தில் மாண்டவர்களுக்கு மெரினாவில் மெழுகுவர்த்தி ஏந்த முனைந்த திருமுருகன் காந்தி மீதும் தோழர்கள் மீதும் இதே சட்டம் பாய்ந்தது. அதே ஆண்டு ஜூலையில் சேலத்தில் துண்டுப் பிரசுரம் கொடுத்த மாணவி வளர்மதி மீது பாய்ந்தது. இரண்டையும் அந்தச் செப்டம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2023 நவம்பரில் திருவண்ணாமலை மாவட்டம் மேல்மாவில், சிப்காட்டுக்கு நிலம் தர மாட்டோம் என்று போராடிய விவசாயிகள் ஏழு பேர் மீது பாய்ந்தது. ஊரே கொதித்த பிறகு ஆறு பேர் மீதானதை அரசு திரும்பப் பெற்றது. சாராயக்காரனுக்கு என்று வெட்டிய குழியில் கடைசியில் விழுந்தது உழவன். ஆட்சிகள் இடையில் மாறியிருக்கின்றன. அதனால் இதை ஒரு கட்சியின் குற்றமாக நான் சொல்லவில்லை.

இன்னொன்று, கணக்கு முடக்கம். என்.டி.பி.எஸ். சட்டத்தின் 5-ஏ அத்தியாயம் உறவினர் சொத்தையும் தொடுகிறது. இது உழைத்துச் சேர்த்தது என்று நிரூபிக்கும் சுமை மறுபடியும் அவர்கள் மேல்தான். 2022-இல் நம் தென்மாவட்டங்களில் கஞ்சா வழக்கில் சிக்கியவர்கள், அவர்களுடைய உறவினர்கள் என்று பலருடைய வங்கிக் கணக்குகளை முடக்கினார்கள். பெரிய வியாபாரியின் பினாமிப் பணத்தைப் பிடிக்க இது தேவை என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு மாமியாரின் கணக்கு முடங்கினால், மகளிர் குழுக் கடனும் நூறு நாள் வேலைக் கூலியும் அதற்குள்ளேயே நின்றுபோகும். அந்தப் பணத்தில் கஞ்சா வாசம் அடிக்கவில்லை என்று அந்தக் கிழவி எப்படிக் காட்டுவாள்?

பிடிபட்ட பொருளைச் சொன்னாலே ஆளின் மேல் கருணை வற்றிவிடுகிறது. 2022 ஏப்ரலில் சென்னையில் இரவில் ஆட்டோவில் போன 25 வயது இளைஞர் ஒருவரை நிறுத்தி, கஞ்சா இருந்தது என்று சொல்லி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் அவர் உயிரோடு இல்லை. சி.பி.சி.ஐ.டி. விசாரித்துக் காவலர்கள் மேலேயே கொலை வழக்கு வந்தது. ஆனால் செய்தி வந்த முதல் நாள், நம் டீக்கடைகளில் பேசியது என்ன? "கஞ்சா கேசாம்ல" என்பதுதான். நானும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

கடல் தாண்டியும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். இலங்கையில் 2023 டிசம்பரில் 'யுக்திய' என்ற நடவடிக்கை தொடங்கி, சில வாரங்களில் பல்லாயிரம் பேரைப் பிடித்தார்கள். ஐ.நா. மனித உரிமை வல்லுநர்கள் நிறுத்தச் சொன்னார்கள். சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயினும் 500 கிராமுக்கு மேல் கஞ்சாவும் கடத்தினால் தூக்கு. மலேசியத் தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கம் 42.72 கிராம் ஹெராயினுக்காக, அறிவுத்திறன் அளவு 69 என்று மருத்துவர் சொல்லியும், 2022 ஏப்ரல் 27-ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 26-ஆம் தேதி தங்கராஜு சுப்பையா. 1,017.9 கிராம் கஞ்சாவைக் கடத்தச் சதி செய்தார் என்பது வழக்கு. அந்தக் கஞ்சாவை அவர் கையால் தொட்டதே இல்லை. போன் எண்களை வைத்து முடிச்சுப் போட்டார்கள். 1,017.9 கிராம். நம் சட்டத்தின் சிறு அளவைவிட 17.9 கிராம்தான் கூட. ஸ்ரீவில்லிபுத்தூரில் அதே எடைக்கு நான் ஜாமீன் மனு போட்டிருப்பேன். கடல் அந்தப் பக்கம் போனால் கயிறு.

போன வருஷம் ஒரு கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னபோது, ஒரு அம்மா எழுந்து, "உங்க வீட்டுப் பிள்ள கெட்டுப்போனா இப்படிப் பேசுவீங்களா சார்?" என்று கேட்டார். கூட்டம் கைதட்டியது. அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். அவர் வீட்டில் என்ன நடந்ததோ. நான் சொன்ன பதில் இதுதான்: அம்மா, என் பிள்ளை கெட்டுப்போனால் அவனை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்றுதான் முதலில் நினைப்பேன். உங்கள் பிள்ளைக்கும் அதையே கேட்கிறேன். அதற்கு வழி நம் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அடிமையான ஒருவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு தரலாம் என்கிறது 64-ஏ பிரிவு. என் இத்தனை வருஷத் தொழிலில் ஒரு ரிமாண்டின்போதும் அந்தப் பிரிவை யாரும் எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. நானே பல வருஷம் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

போர்ச்சுகல் 2001 ஜூலையில் ஒரு மாற்றம் செய்தது. பத்து நாள் உபயோகத்துக்கு உட்பட்ட அளவு வைத்திருந்தால் கிரிமினல் வழக்கு இல்லை. விற்பது அங்கே இன்றும் குற்றம்தான். பிடிபட்டவரை மூன்று பேர் குழுவின் முன் அனுப்புகிறார்கள். சட்டம் தெரிந்தவர், மருத்துவமோ உளவியலோ தெரிந்தவர், சமூகப் பணியாளர் போன்றோர் எதிரே உட்கார்ந்து, உனக்கு என்ன பிரச்சினை என்று கேட்கிறார்கள். நம் அறிவுரைக் குழுமத்திலும் மூன்று பேர்தான். அங்கே கேட்கும் கேள்வி, இந்த ஆளை இன்னும் உள்ளே வைக்கலாமா என்பது.

கடுமை போதாது என்று இன்னும் நினைப்பவர்கள் கள்ளக்குறிச்சியை நினைத்துப் பாருங்கள். 1937-லிருந்து சட்டம் இருந்தது, குண்டாஸும் இருந்தது. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பதிலுக்கு அரசு அந்தப் பழைய சட்டத்தில் ஆயுள் தண்டனை வரை சேர்த்தது. கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்துச் சாவுகளுக்கு நானும் அழுதேன். அந்தத் திருத்தத்தைப் படித்தபோது எனக்கு ஆறுதல் வரவில்லை.

நேரம் ஆகிவிட்டது. வந்திருக்கும் குடும்பங்களுக்குக் கையில் எடுத்துப்போக ஏதாவது சொல்லிவிட்டு உட்காருகிறேன். பிள்ளையைப் பிடித்தால், உடம்பைச் சோதிக்கும் முன், கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் சோதிக்கக் கேட்கும் உரிமை அவனுக்கு உண்டு என்பதை நினைவில் வையுங்கள். அது என்.டி.பி.எஸ். சட்டத்தின் 50-ஆம் பிரிவு. கையில் இருக்கும் பைக்கு அது பொருந்தாது, உடம்புக்குத்தான். குண்டாஸ் உத்தரவு வந்தால் வக்கீல் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஒரு வெள்ளைத்தாளில், என் மகனை விடுதலை செய்யுங்கள், படிக்க முடியாத பக்கங்களைத் தெளிவாகக் கொடுங்கள் என்று தமிழிலேயே எழுதி, கலெக்டருக்கும் அரசுச் செயலாளருக்கும் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். அதைப் பரிசீலிக்க அவர்கள் காரணமில்லாமல் தாமதித்தால், அந்தத் தாமதத்தை வைத்தே மதுரையில் உத்தரவை உடைக்கலாம், உடைத்திருக்கிறோம். தேதி முத்திரை விழுந்த அந்தத் தபால் ரசீதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.